கடக்காத நூல்கள்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற பெண் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள், அசையக் கூடாது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூக்கோரம் அரிக்கிறது. தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். காதில் பஞ்சு, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை, கண்ணைத் திறந்தால் மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இல்லாமல் வெள்ளைக் கூரை. வலது கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்தாள். "ரொம்ப முடியலைன்னா அமுக்குங்க அண்ணே, உடனே வெளிய எடுத்துருவோம். ஆனா பாதியில அமுக்குனா மறுபடி முதல்ல இருந்து எடுக்கணும், பாத்துக்கோங்க." குமிழைப் பிடித்த விரல்கள் கொஞ்சம் மடங்கியதும் காலியாக இருக்கும் இடது கையின் விரல்களும் அதேபோல மடங்கின. அவள் கவனிக்கவில்லை. யாரும் கவனித்ததில்லை, அல்லது அப்படி நான் நினைத்துக்கொண்டிருந்தேன், முப்பது வருஷமாக. இப்போது மெஷின் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது, டக டக டக என்று, பக்கத்து வீட்டில் தரையை உடைக்கிற மாதிரி. ஊரில் எல்லாரும் இதற்குள் படுக்கும்போது எதுவும் இருந்துவிடக் கூடாது சாமி என்று வேண்டிக்கொள்வார்கள். எனக்கு நேர்மாறாக ஒரு வேண்டுதல். என் மூளைக்குள் இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் இருக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் இருப்பது எனக்கு இருந்துவிட்டால் இன்றைக்கு நாங்கள் வெறுங்கையோடு சங்கரன்கோவில் பஸ் ஏறவேண்டும், ஏறுகிற இடத்திலேயே என் மனைவி கோமதி கேட்பாள், இனி என்ன செய்ய என்று. கேட்பாளா. என்னோடு பேசினால்தானே கேட்பதற்கு.

கோமதிக்கு இது ஆறாவது மாதம் நடக்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் எங்கள் ஊர் டாக்டர் குழந்தையின் தலை வந்த இடத்தில் கருவியை நிறுத்தி, எடுத்து, திரும்ப வைத்து, பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் இதற்கென்றே இருக்கிற டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார். அவர்தான் ஹெப்சிபா டாக்டர். செவ்வாய்க்கிழமை அவர் நெடுநேரம் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு எங்களை எதிரில் உட்காரவைத்து, அவசரமே இல்லாமல் சொன்னார். மூளை ரெண்டு பாதியா இருக்கும், ரெண்டையும் சேர்க்க நடுவில நரம்பு நூல்களால ஆன ஒரு பாலம் இருக்கும், உங்க குழந்தைக்கு அந்தப் பாலம் உருவாகலை. கோமதி புடவை முந்தியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். ஏன் உருவாகலை என்று கேட்டது நான்தான். டாக்டர் ஒரு தாளைத் திருப்பி நடுவில் கோடு போட்டார். வயித்துக்குள்ள குழந்தைக்கு மூளை வளர்ற சமயத்தில ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரு நூலை வெளிய விடும். அந்த நூலுக்கு எங்க போகணும்னு தெரியாது. நடுக்கோட்டில இருக்கிற செல்கள் ஒரு சமிக்ஞை கொடுக்கும், இங்க வா, கடந்து அந்தப் பக்கம் போன்னு. அதைக் கண்டுபிடிக்க நூலோட நுனியில ஒரு சின்ன கொக்கி வேணும். அந்தக் கொக்கியைச் செய்யச் சொல்றது ஒரு ஜீன். அந்த ஜீன்ல ஒரு எழுத்து தப்பினாலும் நூல் நடுக்கோடு வரைக்கும் வந்துட்டு, கூப்பிடுறது கேக்காம, திரும்பிப் போயிரும். இப்படி ஆகிறதுக்கு வேற காரணங்களும் இருக்கு, எதுன்னு இப்பச் சொல்ல முடியாது. கோமதி, அன்றைக்கு நான் மாடிக்குத் தண்ணி தூக்கினேனே, அதனாலயா டாக்டர் என்றாள். அதெல்லாம் இல்லம்மா, யாரும் எதுவும் செஞ்சு வர்றது இல்ல இது. பிறகு என் பக்கம் திரும்பி, உங்க குடும்பத்தில யாருக்காவது வலிப்பு, படிப்பு வராம இருக்கிறது, கை கால் அசைவில ஏதாவது வித்தியாசம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை. முப்பது வருஷமாகப் பழகிய வாய், கேள்வி முடிவதற்கு முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டது. இடது கை அப்போது என் தொடைக்குக் கீழே இருந்தது. அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் மாறிவிட்டது, இப்போது ஊதுகிற மாதிரி நீளமாக. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் நான் அ எழுதினால் இடது கையும் காற்றில் அ எழுதும், திருப்பிப் போட்ட அ. பிள்ளைகள் கூடி நின்று பார்த்தார்கள். வள்ளியம்மை டீச்சர் அடிக்கவில்லை, நல்லவர், அந்தக் கைமேல உக்காந்துக்கோ கண்ணு, சரியாப் போகும் என்றார். சரியாகப் போகவில்லை, உட்கார்வது மட்டும் பழகிவிட்டது. சைக்கிளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இன்னொன்றும் சேர்ந்து பிடிக்கும், அதனால் நான் கீழே விழுந்ததே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தபோது ஃபிரேமைக் கையில் பிடித்துத் திருகு முடுக்க வரவில்லை, வலது கை முடுக்கினால் இடது கை ஃபிரேமையும் சேர்த்துத் திருகும், அதனால் மேஜையில் ஒரு சின்னப் பிடிப்பான் வைத்து அதில் மாட்டித்தான் எல்லா வேலையும். வருகிறவர்கள், அண்ணாச்சி எவ்வளவு நிதானமா வேலை பாக்காங்க என்பார்கள். பெண் பார்க்கப் போனபோது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா காதில் சொன்னாள், காபியை ஒரு கையால வாங்கு, அந்தக் கை மடியிலயே இருக்கட்டும். கோமதி தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள், நான் ஒரு கையால் எடுத்தேன், துரை மாதிரி வாங்குதாரே என்று அவள் சித்தி சிரித்தாள். தாலி கட்டும்போது முதல் முடிச்சே விழவில்லை. இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்தால் முடிச்சு எங்கே விழும். அக்கா பின்னால் நின்றுகொண்டு மூன்றையும் அவளே போட்டுவிட்டாள், மேளச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா. அப்பாவை நினைத்தால் இதற்குள் மூச்சு முட்டுகிறது. ரேஷன் கடையில் எடை போடுவார். ஒரு கையைப் பின்னால் முதுகோடு வைத்துக்கொண்டு இன்னொரு கையால்தான் எல்லாம். அது அவருடைய தோரணை என்று நினைத்தோம், ஊரே நினைத்தது. அவர் செத்து எட்டு வருஷம் கழித்து, பாளையங்கோட்டையில் ஒரு குழாய்க்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, அது தோரணை இல்லையோ என்று நினைக்கிறேன். கேட்டிருக்கலாம். என்ன கேட்பது. அவரும் என்னுடைய கையைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பார், நான் இந்த மூன்று நாளும் இருந்த மாதிரி.

மூன்று நாள். செவ்வாய் சாயங்காலம் கடையில் ஆளில்லாதபோது போனில் தேடினேன், மூளைப் பாலம், குழந்தை என்று. எதையெதையோ காட்டிப் பயமுறுத்திவிட்டுக் கடைசியில் ஒரு பத்தி வந்தது. சில குடும்பங்களில் ஒரு கை செய்வதை இன்னொரு கையும் தானாகச் செய்யும், அதே ஜீன்தான், அவர்களில் பலர் நன்றாகவே வாழ்கிறார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். நல்ல செய்திதானே அது, அதைப் படித்துவிட்டு ஏன் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் நல்ல செய்திக்கு முன்னால் இன்னொரு செய்தி இருந்தது, பிள்ளைக்கு இது என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று. வீட்டில் கோமதியின் அம்மா வந்து தங்கியிருந்தாள். மூளை சரியில்லாத பிள்ளையை வச்சுக்கிட்டு எங்க தெருவுல ஒருத்தி படுத பாடு தெரியுமா, இன்னும் நாள் இருக்குன்னு டாக்டரே சொல்லுதாங்கள்ல, வேண்டாம்னு சொல்லிருவோம், உனக்கென்ன வயசா போயிட்டு. கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் சாப்பிட்டேன். உண்மையாகவே சாப்பிட்டேன், ரசம் ஊற்றிக்கூடச் சாப்பிட்டேன். நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன், புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வியாழக்கிழமை ராத்திரி அவள் என்னிடம், நீங்க சொல்லுங்க, நீங்க என்ன சொல்லுதீங்களோ அதைச் செய்யுதேன் என்றாள். டாக்டர் என்ன சொல்லுதாங்கன்னு பாப்போம் என்றேன். எவ்வளவு லேசான வாக்கியம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம், நான் சொல்லியிருக்கக் கூடாது. இன்று காலை டாக்டர், படங்களை இன்னொரு மூத்த டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது, பாலம் இல்லாததைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் குழந்தை எப்படி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கோமதி கேட்டாள்: "இது வளர்ந்து என்னை அம்மான்னு கூப்பிடுமா டாக்டர்?" டாக்டர் பேனாவை மூடினார். "நிறைய பேர் கூப்பிடுவாங்கம்மா. சில பேருக்குக் கஷ்டம் இருக்கும். உங்க குழந்தை எதுல வரும்னு இந்தப் படத்தை வச்சுச் சொல்ல எனக்குத் தெரியல." கோமதி என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டுப் பார்க்கிற பார்வை இல்லை அது, முடிவு செய்துவிட்டுப் பார்க்கிற பார்வை. நான் தொடைக்குக் கீழிருந்து கையை எடுத்தேன். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, வலது கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். இடது கையும் தொட்டது. நிறுத்தினேன், நின்றது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். "இடது கையை அசைக்காம வச்சுக்கிட்டு மறுபடி செய்யுங்க" என்றார். முடியலை டாக்டர் என்றேன். "எவ்வளவு நாளா?" "பிறந்ததுல இருந்தே. எங்கப்பாவுக்கும் இருந்திருக்கும்னு நினைக்கேன்." அப்போதுதான் டாக்டர் சொன்னார், கைக்குப் போகிற நூல்களும் இப்படித்தான் ஓரிடத்தில் பக்கம் மாறிக் கடக்க வேண்டும், அதற்கும் இதே சமிக்ஞைதான், உங்களுக்குக் கொஞ்சம் கடக்காமல் நின்றிருக்கும், அதனால்தான் ஒரே உத்தரவு இரண்டு கைக்கும் போகிறது. கை இப்படி இருக்கிற எல்லாருக்கும் பாலம் இல்லாமல் இருக்காது. ஆனால் உங்களுக்கும் இல்லை என்றால், குழந்தைக்கும் உங்களுக்கும் ஒரே காரணமாக இருக்கலாம், நீங்கள் படித்து, கடை வைத்து, குடும்பம் நடத்துகிறீர்கள், அது பெரிய விஷயம். ரத்தம் எடுத்து ஜீன் பார்க்க வாரக்கணக்காகும். "ஸ்கேன் இன்னைக்கே எடுத்துருவோம்."

கோமதி அறையிலிருந்து எனக்கு முன்னால் நடந்தாள். வராந்தாவுக்கு வந்த பிறகு நின்றாள். "கை எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? கல்யாணமான மறுமாசமே தெரியும். மறைக்கீங்க, சரி, மறைச்சிட்டுப் போங்கன்னு விட்டுட்டேன். உங்களுக்கு அதுல ஒரு இது." "கோமதி" என்றேன். "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?" செவ்வாய்க்கிழமை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், இன்றைக்குத்தான் தோன்றிற்று என்று. வாய் இந்தத் தடவை பழகியதைச் சொல்லவில்லை. அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "மூணு நாளா எங்கம்மா என் காதுல ஓதிக்கிட்டே இருக்கா. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க." அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் இருக்கிற பக்கம் நடந்தாள், சாய்ந்து சாய்ந்து, திரும்பிப் பார்க்கவில்லை, அதற்குள் இந்தப் பெண் சங்கரநயினார் யாரு என்று கூப்பிட்டுவிட்டாள். கர்ப்பிணிகள் இந்த அறைக்குள் வரக் கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. வெளியே பெஞ்சில் இருக்கிறாளா, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாளா, அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டாளா. போயிருந்தால் அது நியாயம். டக டக டக. மூச்சு உள்ளே போகிறது, பாதியில் நிற்கிறது. கூரை இறங்குகிற மாதிரி இருக்கிறது, இறங்காது, தெரியும், இறங்குகிற மாதிரி இருக்கிறது. குமிழை அமுக்கினால் வெளியே இழுத்துவிடுவார்கள். அமுக்கினால் முதலில் இருந்து. அமுக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க விரல் மடங்குகிறது, ஒன்று மடங்கினால் இரண்டு மடங்குகிறது, நெஞ்சு கூண்டுக்குள் சிக்கின மாதிரி அடித்துக்கொள்கிறது, எழுந்து உட்கார வேண்டும், உட்கார இடமில்லை, உட்கார்ந்தால் தலை இடிக்கும். சத்தம் சட்டென்று நின்றது. தலைக்கு மேலே கரகரவென்று ஒரு ஒலி. "அண்ணே, அசையுதீங்க. படம் கலங்குது. ஏதாவது செய்யுதா?" ஒன்றுமில்லை என்று சொல்லப் பார்த்தேன், குரல் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஏதோ பேசுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். பிறகு கோமதி. காதிலிருந்த பஞ்சையும் தாண்டி, என் தலைக்குள்ளேயே இருந்து பேசுகிற மாதிரி. "நான் இங்கதான் இருக்கேன். கண்ணாடி வழியா உங்க கால் ரெண்டும் தெரியுது." மறுபடி அவள்தான். "கோவம் போகல. அது வேற. இப்ப அசையாமப் படுங்க."

படுத்திருக்கிறேன். மெஷின் மறுபடி ஆரம்பித்துவிட்டது, இந்தத் தடவை மெல்லிய குத்தல்களாக. மூச்சு போய் வருகிறது. எங்கள் அம்மா என்னைச் சுமந்த மூன்றாம் மாதம், நாலாம் மாதம், அப்போது அவள் என்ன செய்துகொண்டிருப்பாள், குளத்தில் துணி துவைத்திருப்பாள், அப்பாவோடு சண்டை போட்டிருப்பாள், அவளுக்குத் தெரியாமல் உள்ளே, ஒரு விரல்கடை அளவு தலைக்குள்ளே, நூல்கள் நடுக்கோட்டை நோக்கி வந்திருக்கும். வா என்று கூப்பிட்டிருக்கும். கேட்டிருக்காது. திரும்பியிருக்கும். கடக்காத நூல்கள் செத்தா போகும் டாக்டர் என்று காலையில் கேட்டேன். இல்லை, தன் பக்கத்திலேயே திரும்பி நீளமாக ஓடிவிடும், படத்தில் அது தடியாகத் தெரியும் என்றார். இரண்டு பக்கமும் தனித்தனியாக முப்பத்தாறு வருஷம். அப்படியானால் நான் யார், ஒருவனா இருவரா. பிறர் சொன்ன வேடிக்கைக்கு எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வரும், அது இதனாலா. ஒரு வழியை ரெண்டு தடவை போனாலும் பிடிபடாது, அது இதனாலா. சொல்ல வேண்டியதைச் சொல்ல மூன்று நாள் ஆயிற்றே, அது. இல்லை. அதை நூல்கள்மேல் போடக் கூடாது. பாலம் இருக்கிறவனும் அப்படித்தான் இருந்திருப்பான், பயந்தவனாக இருந்தால். ஒருவேளை எனக்குப் பாலம் இருந்துவிட்டால். எல்லாம் ஒழுங்காக, வளைவாக, பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி இருந்துவிட்டால், கை மட்டும் இப்படி என்றால், அப்போது அந்தப் பிள்ளை என்னைப் போல இல்லை, எந்த மாதிரியும் இல்லை, மறுபடி யாருக்கும் தெரியாத இடத்தில் அது தனியாக. இல்லாமல் போகட்டும். இல்லாமல் போகட்டும். ஒரு மனுஷன் இதையா கேட்பான். கேட்கிறேன். வயிற்றுக்குள் இருக்கிறதற்கு இப்போது என்ன நடக்கிறது, நூல்கள் வந்து நின்றுவிட்டனவா, திரும்பிவிட்டனவா, அதற்கு வலிக்கவா போகிறது, ஒன்றும் தெரியாது அதற்கு, இல்லை என்பதே தெரியாது, எனக்கே இன்று வரை தெரியாதே. சத்தம் நின்றபோது நின்றது தெரியவில்லை. பலகை நகர்ந்து, விளக்கு வெளிச்சம் காலிலிருந்து முகத்துக்கு வந்தது. "முடிஞ்சிட்டு அண்ணே. கடைசியில நல்லாப் படுத்திருந்தீங்க."

ஹெப்சிபா டாக்டரின் அறையில் கோமதி எனக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் பை இருந்தது. நான் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முதலில் வேறு யாருடையதோ, பெயர் இல்லாத ஒரு மூளையைக் காட்டினார், நடுவில் வெள்ளையாக, கவிழ்த்து வைத்த பிறை மாதிரி. "இதுதான் பாலம். இப்ப உங்களோடதைப் பாருங்க." வந்த படத்தில் அந்த இடத்தில் பிறை இல்லை. மடிப்புகள் மட்டும் நடுவை நோக்கி இறங்கி வந்து சும்மா நின்றன. நான் பார்த்தேன். என் தலைக்குள் நான் பார்த்த முதல் பொருள், இல்லாத ஒன்று. "முழுசாவே இல்ல" என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி, ஏதோ துக்கம் சொல்கிற பழக்கத்தில், உடனே அவருக்கே அது தெரிந்து நிமிர்ந்துகொண்டார். கோமதி முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "இதை வச்சுக்கிட்டா என்கூட இவ்வளவு சண்டை போட்டீங்க?" அவள் சிரிக்கவில்லை. டாக்டருக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, வந்ததை நான் மறைக்கவில்லை, டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார், இது நல்ல செய்திதான், ஆனால் உத்தரவாதம் இல்லை, ஒரே ஜீன் அப்பாவுக்குச் செய்ததையே பிள்ளைக்கும் செய்யும் என்று கிடையாது, கூடலாம், குறையலாம், ரத்த முடிவு வந்தால் இன்னும் கொஞ்சம் தெரியும், பிறந்த பிறகு வருஷக்கணக்கில் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கும், வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது உங்கள் உரிமை, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். கோமதி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். "கையும் இவங்களுக்கு மாதிரி இருக்குமா டாக்டர்?" "இருக்கலாம்மா." "அது பரவாயில்ல" என்றாள். பிறகு, அடுத்த ஸ்கேனுக்கு எப்போது வரவேண்டும் என்று கேட்டாள்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. காலையில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்தது, இப்போது அதற்கு என் முகம் இருக்கிறது, அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, நாளைக்கு யோசிப்போம் என்று நினைத்தேன், உடனே அந்த நாளைக்கு என்பதைப் பிடித்து நிறுத்தி, "கோமதி, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றேன். "இருக்கும்" என்றாள். அவள் கைப்பையில் போன் அடித்தது. அவள் அம்மா. ஆஸ்பத்திரி மதில் ஓரத்து நிழலில் நின்றுகொண்டு கோமதி பேசினாள், நான் ஓரடி தள்ளி நின்றேன், அவள் பேசுவது மட்டும் கேட்டது. "ஆமாம்மா, பாத்தாச்சு. இவங்களுக்கும் இல்லையாம்... அதுதான், அந்தப் பாலம். இவங்களுக்குத்தான், இவங்க தலையில... ஆமா, படத்துல காட்டுனாங்க... நல்லாத்தான இருக்காங்க, நீயும்தான் பாக்கியே." அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு ஓடியது. கோமதி போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கி, என்னைப் பார்த்து, மறுபடி காதில் வைத்தாள். "இல்லம்மா. வேண்டாம்னு சொல்லல, வச்சுக்கிடுதோம், அடுத்த ஸ்கேனுக்கு நாள் கேட்டுட்டு வந்துட்டேன்... பிள்ளை இவங்களை மாதிரி இருக்குமான்னா எனக்கு எப்படித் தெரியும். டாக்டருக்கும் தெரியாதாம். பெத்துத்தான் பாக்கணும்."